பிரேக் பாயிண்ட்: மத்தியானம் ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும் பாத்தேன்

எங்க கும்பகோணம் பக்கம் டென்னிஸ் பந்துன்னாலே அறுப்பு முடிஞ்ச வயல்ல கிரிக்கெட் ஆடத்தான், அதனால நெட்ஃபிளிக்ஸ்ல 2023ல வந்த இந்த டென்னிஸ் டாக்குமெண்டரி சீரிஸ சும்மா போட்டு விட்டேன், மாப்ள, எந்திரிக்கவே முடியல. பார்முலா ஒன் கார் ரேஸ் சீரிஸ் எடுத்த அதே டீம்தான்.

அமெரிக்காவுல நடக்குற இந்தியன் வெல்ஸ் டோர்னமெண்டோட 2022 பைனல் வர்ற எபிசோடுக்காகவே பாக்கலாம். அமெரிக்க ஆட்டக்காரன் டெய்லர் ஃபிரிட்ஸுக்கு கணுக்கால்ல அடி, அன்னிக்கு பிராக்டிஸ்ல ஒரு எட்டு ஓடிட்டு வலில கத்துறான், கூட இருக்கிற கோச்செல்லாம் ஆடாதடான்னு கெஞ்சுறாங்க, இவன் கேக்காம இறங்கி அந்த வருஷம் 20 மேட்ச் தோக்காம வந்த ஸ்பெயின் ஸ்டார் நடால 6-3, 7-6ன்னு சாச்சுட்டான். பக்கத்துல வெத்தல போட்டுட்டு இருந்த எங்க அப்பத்தா "பாவம்டா அந்த புள்ள, கால்ல எண்ணெய் தேச்சு விட ஆளில்லையா"ன்னு கேட்டுச்சு.

துனிசியா நாட்டு வீராங்கனை ஆன்ஸ் ஜபர் மாட்ரிட் டோர்னமெண்ட்ல ஜெயிக்கிற கதையும் நல்லாருக்கு, புருஷனே பிட்னஸ் கோச், வீட்டு சண்டையும் கோர்ட்டு சண்டையும் ஒண்ணாயிரும் போல.

கடுப்பு என்னன்னா ஒரு ராலிய, அதான் ரெண்டு பேரும் மாத்தி மாத்தி பந்தடிக்கிறத, முழுசா காட்ட மாட்டேங்கிறாங்க, பந்து அந்தப் பக்கம் போறதுக்குள்ள கட் பண்ணி மூஞ்சிய காட்டுறாங்க. ஸ்கோர் தெரியாதவங்களுக்கு சொல்லித்தர்றோம்னு சொன்னதையே சொல்றது வேற. ஜோகோவிச்ச பத்தி பெருசா ஒண்ணும் எதிர்பாக்காதீங்க. ரெண்டு சீசனோட 2024ல நிறுத்திட்டாங்க. மொதல் அஞ்சு எபிசோட மட்டும் பாருங்க, மிச்சத்த சாப்புடும்போது ஓட விட்டுக்கலாம்.