ஒற்றைத் தந்தியில் பதினெட்டு மாதங்கள்: ‘மிசிர்லூ’ பயின்ற அனுபவம்

அமெரிக்கக் கிட்டார் கலைஞர் டிக் டேல் 1962-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘மிசிர்லூ’வை எலெக்ட்ரிக் கிட்டாரில் வாசிக்கப் பழகத் தொடங்கி இந்த மாதத்தோடு பதினெட்டு மாதங்கள் நிறைவடைகின்றன. அதற்கு முன் நான்கு ஆண்டுகள் திரைப்பாடல்களுக்குக் கார்டு (பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் கூட்டு) பிடித்து வாசித்த பழக்கமும், சிறுவயதில் மூன்று ஆண்டுகள் கர்நாடக வாய்ப்பாட்டு கற்ற பழக்கமும் மட்டுமே என்னிடம் இருந்தன. இரண்டேகால் நிமிடம் ஓடும் அந்தப் பாடலை இன்று தொடக்கம் முதல் முடிவு வரை, மூல வேகத்திற்குச் சற்றே குறைவான வேகத்தில், கை வலியின்றி வாசிக்க முடிகிறது. இதற்குப் பதினெட்டு மாதங்கள் தேவைப்பட்டிருக்காது. முதல் ஐந்து மாதங்களைத் தவறான முறையில் செலவழித்துவிட்டேன்.

இது டேல் இயற்றிய மெட்டு அன்று. கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியில் கிரேக்கர்களும் துருக்கியர்களும் அரேபியர்களும் யூதர்களும் பல மொழிகளில் பாடிவந்த நாட்டுப்பாடல் அது. பெயருக்கு எகிப்தியப் பெண் என்று பொருள். கிரேக்க மொழியில் 1927-இலேயே இசைத்தட்டில் பதிவாகியிருக்கிறது. டேலின் தந்தை வழியினர் லெபனானைச் சேர்ந்தவர்கள். ஒரே தந்தியில் ஒரு பாடலை வாசிக்க முடியுமா என்று இளம் ரசிகர் ஒருவர் கேட்டபோது, தம் குடும்பத்துப் பெரியவர்கள் ஊத் என்னும் வாத்தியத்தில் இந்த மெட்டை வாசித்தது நினைவுக்கு வந்ததாகவும், அதையே பன்மடங்கு வேகமாக்கியதாகவும் டேல் சொல்லியிருக்கிறார். கலிஃபோர்னியாவின் பால்போவா கடற்கரையில் இருந்த ரென்டெவூ நடன அரங்கில் அலைச்சறுக்கு இளைஞர்களுக்காக அவர் வாசித்துவந்த காலம் அது. தாமும் அலைச்சறுக்கில் ஈடுபட்டவர் என்பதால், அலையின் மேல் நிற்கும்போது உடல் உணரும் அதிர்வைக் கிட்டாரில் கொண்டுவர விரும்பினார். என் தலைமுறையினரில் பெரும்பாலோரைப் போல நானும் இதை 1994-இல் வெளிவந்த ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ திரைப்படத்தின் வழியாகத்தான் முதலில் கேட்டேன்.

மெட்டைக் கற்க எனக்கு ஒரு மாலைப்பொழுதுதான் பிடித்தது. மிகத் தடித்த ஆறாவது தந்தியைத் திறந்த நிலையில் (விரல் வைக்காமல்) ஷட்ஜமாகக் கொண்டு, கிட்டார் கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட்களில் முதல் ஃப்ரெட், நான்காவது, ஐந்தாவது, ஏழாவது, எட்டாவது, பதினொன்றாவது, பன்னிரண்டாவது ஃப்ரெட் என்று வரிசையாக விரலை வைத்துப் பாருங்கள். சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், காகலி நிஷாதம், மேல் ஷட்ஜம் என்று நம் வீடுகளில் குழந்தைகள் சரளி வரிசை பாடும் அதே மாயாமாளவகௌளை ராகம் கேட்கும். மேற்கத்திய இசையில் டபுள் ஹார்மோனிக் என்றும் அரபு இசையில் ஹிஜாஸ் கார் என்றும் அழைக்கப்படும் ஸ்வர வரிசையும் இதுவே. எட்டு வயதில் தொடையில் தாளம் தட்டிப் பாடிய ஸ்வரங்கள் ஆம்ப்ளிஃபையரிலிருந்து அத்தனை முரட்டுத்தனமாக வெளிவருவதைக் கேட்டபோது, கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆனால் பழகிய காது தொல்லையும் தந்தது. முதல் ஃப்ரெட்டில் நிற்கும் ரிஷபத்தை என் விரல் தன்னை அறியாமல் அசைக்கத் தொடங்கியது. இந்தப் பாடலில் அந்த ஸ்வரம் ஆணி அடித்தாற்போல் அசையாமல் நிற்க வேண்டும். அசைவு முழுவதும் வலக்கையிலிருந்தே வர வேண்டும்.

அந்த வலக்கைதான் பாடலின் உயிர். மெட்டின் ஒவ்வொரு ஸ்வரமும் நீட்டி ஒலிப்பதற்குப் பதிலாக, தந்தியை மீட்டும் சிறு வில்லையான பிக் மேலும் கீழுமாக மாறி மாறி அடிக்கும் அடிகளாகவே வருகிறது. ஒரு தாளத்தட்டுக்கு நான்கு அடிகள்; மூலப் பதிவில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 170 தட்டுகள். அதாவது ஒரு நொடிக்குப் பதினோரு அடிகள். நான் முதலில் எல்லோரும் சொல்லும் வழியையே பின்பற்றினேன். தாளத்தட்டை ஒலிக்கும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்திற்கு 80 தட்டுகளில் வைத்து நான்கு அடிகளாக வாசித்து, சில நாள்களுக்கு ஒருமுறை நான்கைந்து எண்கள் ஏற்றிக்கொண்டே போனேன். 120 வரை தடையின்றி ஏறியது. அங்கே ஏழு வாரங்கள் நின்றுவிட்டது. அதற்கு மேல் போக முயன்றபோதெல்லாம் முழங்கை இறுகியது, தோள் உயர்ந்தது, அடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. ஐந்தாம் மாதத்தில் முன்கையில் வலி வந்து இரண்டு வாரங்கள் கிட்டாரைத் தொடாமல் இருந்தேன்.

அந்த இரண்டு வாரங்களில்தான் சரளி வரிசையை நாங்கள் எப்படிப் பழகினோம் என்பதை யோசித்தேன். தாளத்தின் வேகத்தை யாரும் ஏற்றவில்லை. தாளம் ஒரே சீராக இருக்க, முதற் காலத்தில் தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. திரும்பி வந்தபின் மெட்ரோனோமை 60-இல் நிறுத்திவிட்டு, முதல் நான்கு ஸ்வரங்களை மட்டும் மூன்று காலங்களிலும் இடைவிடாமல் வாசிக்கத் தொடங்கினேன். கோளாறு எங்கே இருக்கிறது என்பது முதற் காலத்திலேயே காதுக்குத் தெரிந்துவிட்டது. என் மேல்நோக்கிய அடி கீழ்நோக்கிய அடியைவிட மெலிந்திருந்தது. மேலும், மெதுவாக வாசிக்கும்போது பிக் தந்தியைக் கடந்து அரை அங்குலம் போய்த் திரும்பியது. மூன்றாம் காலத்தில் அவ்வளவு தூரம் போய்வர நேரமே கிடையாது. ஆகவே முதற் காலத்திலும் மூன்றாம் காலத்தின் அளவே பிக் நகர வேண்டும் என்று விதித்துக்கொண்டேன்: அடித்தவுடன் தந்தியை ஒட்டியே நின்று, அடுத்த தட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். கேட்க எளிதாகத் தோன்றும் இந்த ஒன்றுக்கே ஒரு மாதம் ஆயிற்று. அதன்பிறகு, தட்டுக்கு நான்கு அடிகள் என்ற பழைய கணக்கில், ஏழாம் மாதத்தில் 120-உம், ஓராண்டு முடிவில் 145-உம், இப்போது 160-உம் முழங்கை இறுகாமல் வருகின்றன. இந்தப் பாடலைத் தொடங்கும் எவருக்கும் நான் முதலில் சொல்வது இந்த மூன்று காலப் பயிற்சியைத்தான்.

டேலின் கையை அப்படியே பின்பற்ற முயல்வோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் இடக்கைக்காரர், வலக்கைக்காரர்களுக்கான கிட்டாரைத் தந்திகளை மாற்றாமல் அப்படியே திருப்பிப் பிடித்தவர். ஆகவே அவருடைய தடித்த தந்தி தரையை நோக்கி, கடைசியாக இருந்தது. கீழ்நோக்கி ஓங்கி அடித்தாலும் பிக் வெற்றிடத்தில்தான் போய் விழும். நமக்கோ அந்தத் தந்தி மேலே இருக்கிறது; ஓங்கினால் பிக் நேரே ஐந்தாவது தந்தியில் இடிக்கும். அவர் தோளிலிருந்து வீசியடிப்பதைக் காணொளியில் பார்த்துவிட்டு நானும் அவ்வாறே முயன்றது வலிக்கு இன்னொரு காரணம். உள்ளங்கையின் ஓரத்தை, கிட்டாரின் உடற்பகுதியில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் மேல் லேசாகப் படியவைத்து, மணிக்கட்டிலிருந்து மட்டும் அடிப்பதே எனக்குப் பொருந்தியது.

டேல் மிகத் தடித்த தந்திகளைப் பயன்படுத்தியவர். என் கிட்டாரில் இருந்த மெல்லிய ஒன்பதாம் எண் செட் பிக்குக்கு அடங்கித் துவண்டது; எட்டாம் மாதத்தில் அதைவிடத் தடித்த பதினொன்றாம் எண் செட்டுக்கு மாறியபோது, தந்தியே பிக்கைத் திருப்பி அனுப்புவதுபோல் இருந்தது. மாற்றத்தைக் கடைக்காரரிடம் ஒப்படைத்ததில் ஒரு குறை நேர்ந்தது. தடித்த தந்தி உட்காருவதற்காக நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு துண்டு) பள்ளத்தை அகலப்படுத்தச் சொன்னேன். அவர் ஆழத்தையும் கூட்டிவிட்டார். ஃப்ரெட்டில் விரல் வைத்தால் ஒலி தெளிவாக இருந்தது. திறந்த தந்தி மட்டும் கரகரத்தது. பாடலே திறந்த ஆறாவது தந்தியில் தொடங்குவதால், முதல் ஒலியே கெட்டுப்போயிற்று. புதிய நட் போட்டு, பின்பக்கம் ஸ்பிரிங் ஒன்றைக் கூடுதலாக மாட்டி, தடித்த தந்திகளின் இழுப்பில் எழும்பியிருந்த பிரிட்ஜைப் பழைய உயரத்திற்கு இறக்கிய பிறகே சரியானது. தந்தியின் தடிமனை மாற்றுவோர் அகலத்தையும் ஆழத்தையும் தனித்தனியாகச் சொல்லிவிடுவது நல்லது.

பிக்கைப் பொறுத்தவரை ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ளதை, நுனி மட்டும் அரிசியளவு வெளியே தெரியும்படி பிடிக்கிறேன். மூன்று வாரத்தில் ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்துவிடுகிறது. சர்ஃப் இசை எனப்படும் இந்த அலைச்சறுக்குப் பாணி என்றாலே நினைவுக்கு வரும், ஒலிக்கு எதிரொலி சேர்க்கும் ஸ்பிரிங் ரிவெர்பை, பழகும்போது முற்றிலும் அணைத்துவிடுங்கள். அந்த ஈரமான எதிரொலி அடிகளுக்கு இடையிலான ஒழுங்கின்மையை மூடிவிடுகிறது. வாசிப்பு சீரானபின் மூன்றில் ஒரு பங்கு திறந்தால் போதும்.

இன்னும் எனக்குக் கைவராத இடம் ஒன்று உண்டு. அதே மெட்டை மெல்லிய முதல் தந்தியில் வாசிக்கும்போது, ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு ஆள்காட்டி விரல் சறுக்கிப்போகும் அந்தக் கணத்தில் ஓர் அடி விழாமல் போகிறது. அந்த இரண்டு ஸ்வரங்களை மட்டும் 60-இல், முதற் காலத்தில், நாளுக்குப் பத்து நிமிடம் வாசித்துவருகிறேன்.