ஆண் பூனையின் முக்கலை மலச்சிக்கல் என்று சொன்ன மருத்துவமனை

ஆண் பூனை வளர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் பகுதியிலுள்ள ஒரு தனியார் கால்நடை மருத்துவமனையில், வயிற்றை அழுத்திக்கூடப் பார்க்காமல், எங்கள் பூனைக்கு மலச்சிக்கல் என்று முடிவுசெய்து, மலமிளக்கி சிரப்பும் குடற்புழு மாத்திரையும் எழுதித் தந்து, வாந்திக்கு ஓர் ஊசியும் போட்டு அனுப்பிவிட்டார்கள். அடைத்திருந்தது குடல் அல்ல, சிறுநீர்ப் பாதை.

அறிகுறிகளை ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தோம். மடியை விட்டு இறங்காத பூனை திடீரென்று கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்டது. தூக்கப் போனால் சீறியது. லிட்டர் பாக்ஸில் (அது மலசலம் கழிக்கும் மணல் பெட்டியில்) மீண்டும் மீண்டும் குந்தி முக்கி முனகியது. பின்புறத்தை ஓயாமல் நக்கியது. பிறகு உணவை வெறுத்து நுரை நுரையாக வாந்தி எடுத்தது. மணலில் ஈரம் இருந்ததா என்று ஒருவரும் கேட்கவில்லை. உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி, தங்களிடமே விற்பனைக்கு இருந்த உலர் தீவனப் பையை எடுத்து நீட்டினார்கள். சிறுநீர்ச் சிக்கல் உள்ள பூனைக்கு நீர்ச்சத்து மிகுந்த ஈர உணவே பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது என்பது பின்னர்தான் தெரிந்தது.

அன்றிரவே பூனை துவண்டுவிட்டதால் வேறொரு மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அடிவயிற்றைத் தொட்டவுடனேயே, சிறுநீர்ப்பை கல்லைப்போல் இறுகியிருப்பதை அவர் கண்டுகொண்டார். ஆண் பூனையின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது என்பதால், படிகத் துகள்களும் சளியும் சேர்ந்து அதை எளிதில் அடைத்துவிடும் என்றும், வெளியேற வேண்டிய கழிவுகள் இரத்தத்தில் தேங்குவதால்தான் வாந்தி வருகிறது என்றும், பொட்டாசியம் அளவு ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறி ஓரிரு நாட்களில் உயிர் போகக்கூடும் என்றும் விளக்கினார். மயக்க மருந்து கொடுத்து, சிறுநீரை வெளியேற்றும் மெல்லிய குழாயான கதீட்டரைச் செலுத்தி, இரத்தக்குழாய் வழியாகத் திரவம் ஏற்றிய பிறகே பூனை தேறியது. இத்தகைய நிலையில் மலமிளக்கியால் எந்தப் பயனும் இல்லை. அது வேலை செய்யும் என்று காத்திருக்கும் நேரம்தான் ஆபத்து. ஆகவே, ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால், விடியட்டும் என்று தள்ளிப்போடாமல் உடனே கொண்டுசென்று, சிறுநீர்ப்பையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.

முதல் மருத்துவமனையிடம் கட்டணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பூனைகளுக்கு இப்படித்தான் வரும் என்றார்கள். அவர்கள் தந்த சீட்டில் மருத்துவரின் பதிவு எண் இல்லை. அதன் நகலை இணைத்து மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.