ஜி தந்தியின் கூச்சல்: பழைய பாணி சிங்கிள் காயில் பிக்கப்கள்

கடந்த ஆறு மாதங்களாக என் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை எலெக்ட்ரிக் கிதாரில் இருப்பவை, 1950-களின் முறைப்படி சுற்றப்பட்ட மூன்று சிங்கிள் காயில் பிக்கப்கள், அதாவது தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் ஒற்றைச் சுருள் காந்தக் கருவிகள். அவற்றைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரை எழுதாமல் விடுகிறேன். நான் சொல்லவிருக்கும் குறை அவர்களுடைய கைவேலையில் இல்லை, அவர்கள் அடிபிசகாமல் பின்பற்றியிருக்கும் பழைய வடிவத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு பிக்கப்பிலும் அல்நிக்கோ 5 என்ற உலோகக் கலவையாலான ஆறு காந்தத் தண்டுகள் நிற்கின்றன. தலைமுடி அளவே தடிமனுள்ள செப்புக் கம்பி அவற்றின் மீது பல ஆயிரம் சுற்றுகளாக ஓடுகிறது. மின்தடை சுமார் 6 கிலோ ஓம். மேலே எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது, அந்த அசைவு சுருளில் மின்னழுத்தத்தை எழுப்புகிறது, அதுவே ஒலியைப் பெருக்கும் ஆம்ப்புக்குப் போகிறது. பிக்கப்புக்குக் காது கிடையாது. தன் தலைக்கு மேலே எவ்வளவு எஃகு, எவ்வளவு வேகமாக அசைகிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அகூஸ்டிக் கிதாரின் வெண்கலத் தந்திகளை எலெக்ட்ரிக் கிதாரில் மாட்டிப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: எஃகு உள்கம்பி மீதுள்ள வெண்கலச் சுற்று காந்தத்தைப் பொறுத்தவரை இல்லாததற்குச் சமம் என்பதால் தடித்த தந்திகள் முனகும், சுற்றில்லாத மெல்லிய தந்திகள் அலறும்.

பொருத்திய அன்று இந்தப் பிக்கப்கள் எனக்கு ஏமாற்றத்தையே தந்தன. தவறு என்னுடையது, மூன்று மாதப் பழைய தந்திகளைக் கழற்றாமல், சாலிடர் மட்டும் வைத்துவிட்டு வாசிக்க உட்கார்ந்தேன். வியர்வையும் அழுக்கும் சுற்றுகளின் இடுக்கில் அடைந்துவிட்டால் தந்தியின் உயர் ஹார்மோனிக்ஸ், அதாவது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தெழும் மேல் ஒலிகள், சீக்கிரம் அடங்கிவிடும். தந்தியில் இல்லாததைப் பிக்கப் எங்கிருந்து கொண்டுவரும்? மறுநாள் எர்னி பால் ரெகுலர் ஸ்லிங்கி 10-46 தந்தித் தொகுப்பை (மிக மெல்லிய தந்தி 10, மிகத் தடித்தது 46 அளவு) மாட்டியதும், மணியைத் தட்டியது போன்ற அந்தத் தெளிவு வந்தது. பிறகு அதே அளவில் தூய நிக்கல் சுற்றுக்கொண்ட தொகுப்பையும் ஒரு மாதம் வைத்திருந்தேன். ஸ்லிங்கியின் நிக்கல் பூசிய எஃகுச் சுற்றைக் காட்டிலும் அதில் ஒலியின் விளிம்பு மழுங்கி, இடைப்பகுதி சற்று முன்னே வந்தது. இரண்டுக்கும் இருந்த வேறுபாடு, பழைய பிக்கப்புக்கும் புதிய பிக்கப்புக்கும் நான் கேட்ட வேறுபாட்டைவிடக் குறைவாக இருந்ததாக என்னால் சொல்ல முடியவில்லை.

இனி அந்தக் குறை. இந்தப் பிக்கப்களை ஒரு பக்கமாகப் பார்த்தால் காந்தத் தண்டுகளின் தலைகள் ஒரே மட்டத்தில் இல்லாமல் மேடுபள்ளமாக இருக்கின்றன. மெல்லிய பக்கத்திலிருந்து மூன்றாவதான ஜி தந்திக்குரிய தண்டு நிமிர்ந்து நிற்க, பக்கத்திலேயே இரண்டாவதான பி தந்திக்குரியது பள்ளத்தில் ஒடுங்கிக் கிடக்கிறது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்த 1954-இல் இதற்குக் காரணம் இருந்தது. அன்றைய தொகுப்புகளில் மூன்றாவது தந்தியான ஜி, சுற்றுள்ள தந்தி. அதன் உள்ளே ஓடும் எஃகுக் கம்பி மெல்லியது, ஆகவே அது எழுப்பும் மின்னழுத்தமும் குறைவு, அதை ஈடுசெய்யக் காந்தத்தைத் தந்திக்கு நெருக்கமாக உயர்த்தினார்கள். இன்று நாம் மாட்டும் 10-46 தொகுப்பில் ஜி என்பது 17 அளவுள்ள, அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு தடிமனுள்ள வெற்று எஃகு. ஏற்கெனவே உரக்கப் பேசுபவனிடம் ஒலிபெருக்கியையும் கொடுத்தது போல் ஆகிவிடுகிறது. ஆம்ப்பின் சிதைவு சேராத சுத்தமான ஒலியில் ஒரு டி மேஜர் கார்டை (நான்கு தந்திகளில் ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டை) மெதுவாக மீட்டிப் பாருங்கள்: ஜி தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டில் (கழுத்தில் பதித்த உலோகப் பட்டையில்) இருக்கும் ஏ சுரம் தனியே எழுந்து நிற்கும், அதற்கு மேலுள்ள டி பின்னால் ஒளிந்துகொள்ளும்.

என் ஊகம் சரிதானா என்று பார்க்க, சுற்றுள்ள ஜி கொண்ட 11 அளவுத் தொகுப்பு ஒன்றை மாட்டினேன். சமநிலை அந்த நிமிடமே சரியாயிற்று. அதே டி மேஜரில் ஆறு மாதங்களில் முதன்முறையாக நான்கு தந்திகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகக் கேட்டன. ஆனால் விரல்கள் அதற்கு விலை கொடுத்தன. முதல் தந்தி 10-இலிருந்து 11-க்குப் போனால், அதே சுருதியில் இழுவிசை சுமார் 21 சதவீதம் கூடுகிறது. சுற்றுள்ள ஜியை விரலால் தள்ளி ஒரு முழுச் சுரம் உயர வளைப்பது என்பதோ தனி வேலை. ஒரு வாரத்தில் கழற்றிவிட்டேன்.

ஜி தண்டை மட்டும் கீழே அழுத்திவிடலாமே என்று தோன்றும். இவ்வகைப் பிக்கப்களில் செப்புக் கம்பி நேரடியாகக் காந்தத்தின் மீதே சுற்றப்பட்டிருப்பதால் அதைச் செய்யவே கூடாது. முன்பொரு முறை வேறொரு பிக்கப்பில் செய்து, சுருளை அறுத்து, அதைக் குப்பையில் போட்ட அனுபவம் எனக்கு உண்டு. இருக்கும் வழி, பிக்கப்பை முழுவதுமாகச் சற்று இறக்குவதுதான். கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து அளந்தால் தடித்த தந்திப் பக்கம் 2.4 மில்லிமீட்டர், மெல்லிய பக்கம் 2 மில்லிமீட்டர் என்பது வழக்கமான தொடக்க அளவு. நான் இரண்டு பக்கமும் இன்னும் அரை மில்லிமீட்டர் இறக்கினேன். ஜியின் கூச்சல் பாதி தணிந்தது. கூடவே, மேல் ஃப்ரெட்டுகளில் தடித்த ஈ தந்தி இரு சுரங்களாகப் பிரிந்து தள்ளாடிய தொல்லையும் மறைந்தது; வலிய காந்தம் தந்தியை மிக நெருக்கத்தில் இழுத்துப் பிடிப்பதால் வருவது அது. கையில் ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும், காசு செலவில்லை.

மற்றபடி குறை சொல்ல அதிகமில்லை. நடுப் பிக்கப் எதிர்த்திசையில் சுற்றப்பட்டு, காந்தமும் தலைகீழாக வைக்கப்பட்டிருப்பதால் அதனோடு மற்றொரு பிக்கப்பும் சேர்ந்து ஒலிக்கும் சுவிட்சின் 2, 4 நிலைகளில் இரைச்சல் அடங்குகிறது. தனித்தனியே பயன்படுத்தும்போது சிங்கிள் காயிலுக்கே உரிய இரைச்சல் இருக்கத்தான் செய்கிறது. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பாட் 250 கிலோ ஓம்மாக இருக்கட்டும். 500 போட்டால் உயரொலி காதைக் குத்தும்.

ஓவர்டிரைவிலேயே, அதாவது வேண்டுமென்றே சிதைத்த கரகர ஒலியிலேயே வாசிப்பவர்கள் இந்தப் பிக்கப்களைத் தயங்காமல் வாங்கலாம். அங்கே ஒலி நெரிக்கப்பட்டு எல்லாத் தந்திகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவதால் ஜியின் ஆட்டம் செல்லாது. சுத்தமான ஒலியில் கார்டுகளை நம்பி வாழ்பவர்கள், தண்டுகள் சமமட்டத்தில் உள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும். பல தயாரிப்பாளர்களிடம் அது கிடைக்கிறது. நான் சுருளின் திசையும் காந்தத்தின் திசையும் மற்றவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, கழுத்துப் பக்கமுள்ள நெக் பிக்கப்பை மட்டும் அப்படிப்பட்ட ஒன்றாக மாற்றிவிட்டேன். தந்திகள் கட்டப்பட்ட பிரிட்ஜ் பக்கம் மேடுபள்ளமான அதே பிக்கப் இருக்கிறது. அங்கே நான் சுத்தமான ஒலியில் வாசிப்பதே இல்லை.