கச்சான் காலத்தில் வந்த மீன்தொட்டி: உப்புவெளி வளவில் பதினாறு மாதம்

2024 மே மாதம் திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வளவில் ஒரு அக்குவாபோனிக்ஸ் தொட்டி வைத்தோம். கீழே மீன், மேலே கல் நிரப்பிய படுக்கையில் கீரை, இரண்டுக்கும் ஒரே தண்ணீர். தாங்கி, பம்ப், குழாய், கல், மீன்குஞ்சு என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து பூட்டியும் தருகிற ஒரு தம்பியிடம் 135,000 ரூபா கொடுத்தேன். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே மாதிரி செட்டை வேறு ஆட்களும் விற்கிறார்கள். அதற்குள் என்ன வருகிறது, அதில் எது திருமலை வெயிலுக்கும் தண்ணீருக்கும் சரிவரும் என்பதைச் சொன்னால்தான் வாங்க நினைப்பவர்களுக்கு உதவும்.

தொட்டி வந்து இறங்கியபோது அம்மா கேட்டார்: "கடல் பக்கத்தில கிடக்கு, நீ வளவுக்குள்ள மீன் வளர்க்கப் போறியோ?" நியாயமான கேள்வி. எங்கள் வீட்டிலிருந்து கடற்கரைக்கு நடந்து ஐந்து நிமிடம். காலையில் சூடையும் பாரையும் படலைக்கே வரும். எனக்கு வேண்டியிருந்தது கீரை. இந்த மணலில் வாளி வாளியாக ஊற்றினாலும் தண்ணீர் நிற்காது; கச்சான் காற்று வீசத் தொடங்கினால் நட்டதெல்லாம் ஒரு கிழமையில் கருகிவிடும். அக்குவாபோனிக்ஸில் செடி குடிப்பதும் வெயிலில் ஆவியாவதும் தவிர தண்ணீர் எங்கும் போகாது. மீனின் கழிவே பசளை. இந்த இரண்டுக்காகத்தான் வாங்கினேன்.

முதலில் தாங்கியைச் சொல்கிறேன், அது நல்ல பொருள். இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் 1,000 லீற்றர் ஐபிசி தாங்கியை வெட்டி, மேல்பகுதியைக் கவிழ்த்துக் கல்படுக்கையாக்கி, கீழ்ப்பகுதியை மீன்தொட்டியாக்கித் தருகிறார்கள். எங்களுடையதில் கீழே 650 லீற்றர் தண்ணீர் நிற்கிறது. படுக்கை ஒரு அடி ஆழம், ஏறக்குறைய 1.2 சதுர மீற்றர். இவை பழைய தாங்கிகள் என்பதால் முன்பு உள்ளே என்ன இருந்தது என்று கட்டாயம் கேளுங்கள். நான் கேட்டதும் தம்பி லேபிளைக் காட்டினார், சமையல் எண்ணெய் வந்த தாங்கி. இரசாயனம் வந்த தாங்கி என்றால் எவ்வளவு கழுவினாலும் வாங்க வேண்டாம். குழாய் வேலையும் சுத்தம். இரண்டு நாளில் பூட்டி முடித்தார்கள். பதினாறு மாதத்தில் ஒரு மூட்டுக்கூட ஒழுகவில்லை.

கோளாறு கல்லில் இருந்தது. படுக்கைக்கு அவர்கள் கொண்டுவந்து கொட்டியது கடற்கரைப் பக்கத்துப் பருக்கைக்கல். பார்க்க அழகு, வெள்ளையும் பழுப்புமாக உருண்டை உருண்டையாக இருந்தது. கொட்டிய மறுநாளே 60 திலாப்பியாக் குஞ்சுகளை விட்டார்கள். ஒன்பதாம் நாள் காலை 17 குஞ்சுகள் மிதந்தன. அன்று பின்னேரம் இன்னும் ஆறு. நானே தனியாக வாங்கிய சொட்டு மருந்து டெஸ்ட் கிட்டில் பார்த்தால் பிஎச் (தண்ணீர் அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடுநிலை) 8.2, அமோனியா லீற்றருக்கு 4 மில்லிகிராம். மத்தியானம் மூன்று மணிக்குத் தண்ணீரின் வெப்பம் 32 பாகை.

பிறகு படித்து விளங்கிக்கொண்டதை இங்கே வைக்கிறேன், ஏனென்றால் யாரும் எனக்கு இதை முதலில் சொல்லவில்லை. மீன் வெளிவிடும் அமோனியாவை ஒரு வகைப் பற்றீரியா நைத்திரைற்று ஆக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும். செடி விரும்பி எடுப்பது அந்த நைத்திரேற்றை. இந்தப் பற்றீரியாக்கள் கல்லில் படிந்து பெருக நான்கு முதல் ஆறு கிழமை வேண்டும். அதுவரை தொட்டியில் நிறைய மீன் விடக்கூடாது. எங்கள் தொட்டியில் இரண்டாம் நாளே விட்டாயிற்று. அதோடு, அமோனியாவில் மீனைக் கொல்லும் பகுதி எவ்வளவு என்பதை வெப்பமும் பிஎச்சும் தீர்மானிக்கின்றன. 30 பாகையில் பிஎச் 7 ஆக இருந்தால் நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சு இல்லை. அதே வெப்பத்தில் 8.2 என்றால் நூற்றுக்குப் பதினொரு பங்கு. குளிர்நாட்டில் பிஎச் கொஞ்சம் ஏறினாலும் மீன் தாக்குப்பிடிக்கும். இங்கே பிழைவிட இடமில்லை.

பிஎச் ஏன் இறங்கவேயில்லை? ஒரு பிடி கல்லைக் கிண்ணத்தில் போட்டு வினாகிரி ஊற்றினேன். சோடாப் போத்தல் திறந்தமாதிரி நுரைத்தது. கல்லோடு சிப்பித் துண்டும் முருகைக்கல் துண்டும் கலந்திருந்தன. அவை கல்சியம் காபனேற்று; தண்ணீரில் கரைந்து பிஎச்சை மேலேயே பிடித்து வைத்திருக்கும். அந்த நிலையில் செடியும் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் தவிக்கும். என் கீரையின் இளம் இலைகள் நரம்பு மட்டும் பச்சையாக, மிச்சம் மஞ்சளாக வந்ததற்குக் காரணம் அதுதான்.

தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "எல்லாருக்கும் இதுதான் போடுறம் டீச்சர், ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்ல" என்றார். கல்லை மாற்றித்தர அவர் உடன்படவில்லை. செத்த குஞ்சுகளுக்குப் பதில் தந்தார், அதையும் நான் ஒன்றரை மாதம் கழித்து வாங்கிக்கொண்டேன். கல்லை நானே மாற்றினேன். வினாகிரியில் நுரைக்காத கருங்கல் சல்லி, முக்கால் அங்குலம், தூசு போகும்வரை கழுவியது. கல், கூலி எல்லாம் 14,000 ரூபா. அதற்குப் பிறகு பிஎச் மெல்ல மெல்ல 7.2 க்கு வந்து நின்றது. 6.8 முதல் 7.2 வரை இருந்தால் மீன், பற்றீரியா, செடி மூன்றுக்கும் பொறுக்கும்.

அடுத்தது மீன் எண்ணிக்கை. 60 குஞ்சு என்று விளம்பரத்தில் போட்டிருந்ததைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டவள்தான். ஒவ்வொன்றும் அரைக் கிலோவுக்கு வளர்ந்தால் 30 கிலோ. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு 2014 இல் வெளியிட்ட சிறு அக்குவாபோனிக்ஸ் கைநூல், வீட்டுத் தொட்டிக்கு 1,000 லீற்றருக்கு 10 முதல் 20 கிலோ மீன் என்கிறது. 650 லீற்றருக்கு 13 கிலோதான் உச்சம். நான் கணிதம் படிப்பிக்கிறவள், ஆகவே கணக்கை மறுபக்கத்திலிருந்து போட்டுப் பார்த்தேன். இலைக்கீரை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் மீன்தீன் போதும். என் படுக்கைக்கு 50, 60 கிராம். வளர்ந்த திலாப்பியா தன் எடையில் நூற்றுக்கு ஒன்று இரண்டு பங்கு தின்னும். அப்படியானால் நான்கைந்து கிலோ மீனே என் கீரைக்குக் காணும். இப்போது 20 மீனுக்கு மேல் விடுவதில்லை. திட்டம் போடுகிறவர்கள் எத்தனை மீன் என்று தொடங்காமல், வீட்டுக்கு எவ்வளவு கீரை வேண்டும் என்று தொடங்குங்கள்.

குறைவான மீன் வைக்க இன்னொரு காரணமும் உண்டு. தண்ணீர் சூடாகச் சூடாக அதில் ஒட்சிசன் குறையும். 20 பாகையில் ஒரு லீற்றரில் 9 மில்லிகிராம் கரைந்து நிற்கும், 30 பாகையில் ஏழரைதான். மீனோ சூட்டில் கூடுதலாக மூச்சு வாங்கும். திலாப்பியாவுக்கு 27 முதல் 30 பாகை வரை சுகம். யூன், யூலையில் கச்சான் அனலாக வீசும் பின்னேரங்களில் நிழல் இல்லாத தொட்டி அதைத் தாண்டிவிடும். செட்டோடு நிழலுக்கு ஒன்றும் தரவில்லை. நான் மேலே பாதி நிழல் தரும் வலையும், மேற்குப் பக்கம் கிடுகும் கட்டினேன். தாங்கியின் வெளிப்பக்கம் கறுப்புப் பூசி அதற்கு மேல் வெள்ளை பூசினேன். அவர்கள் தந்தபடி வெறும் வெள்ளைப் பிளாஸ்டிக்காக விட்டால் வெளிச்சம் உள்ளே போய்ப் பாசி பிடிக்கும். எனக்கு இரண்டு கிழமையில் தண்ணீர் பச்சையாகிவிட்டது. பாசி இரவில் மீனின் ஒட்சிசனையும் சேர்த்து எடுக்கும். கறுப்பும் வெள்ளையும் கிடுகும் வந்த பிறகு பின்னேர வெப்பம் 29, 30 இல் நிற்கிறது.

கரன்ட் பற்றி. 40 வாற் தண்ணீர்ப் பம்ப், 10 வாற் ஏர் பம்ப், இரண்டும் இராப்பகலாக ஓடினால் மாதம் 36 யுனிட். இதை வாங்குமுன் யாரும் சொல்லமாட்டார்கள், நீங்களே பெருக்கிப் பாருங்கள். நான் தண்ணீர்ப் பம்புக்கு ரைமர் போட்டு, மணிக்குக் கால்மணி நேரம் மட்டும் ஓட விடுகிறேன். படுக்கை நிறைந்ததும் சைபன், அதாவது தண்ணீரைத் தானாக இழுத்துக் கீழே விடும் குழாய், வடிக்க அது போதும். ஏர் பம்பை ஒருநாளும் நிறுத்துவதில்லை. இப்போது 15 யுனிட்டுக்குள். ஏர் பம்புக்கு ஒரு 12 வோல்ற் பற்றரியும் வைத்திருக்கிறேன். 2022 இல் மணிக்கணக்காகக் கரன்ட் நின்ற நாட்களை நாங்கள் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் கரன்ட் போனபோது அந்தப் பற்றரிதான் மீனைக் காத்தது. என்னைக் கேட்டால் செட்டின் விலைக்குள்ளேயே அது வரவேண்டும். வளர்ந்த மீன் நிறைந்த தொட்டி வெயில் நேரத்தில் காற்றில்லாமல் கொஞ்ச நேரம்தான் தாங்கும்.

தண்ணீர் ஊற்றுவதிலும் ஒரு விஷயம். எங்கள் கிணறு ஆவணியில் சவர் தட்டும். திலாப்பியா பொறுக்கும், கீரை பொறுக்காது. தண்ணீர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும், ஒவ்வொரு கிழமையும் ஊற்ற ஊற்றக் கூடிக்கொண்டே போகும். அதனால் குழாய்த்தண்ணீரை இரண்டு நாள் திறந்த பீப்பாவில் வைத்து, குளோரின் போன பிறகு விடுகிறேன். மாரியில் கூரைத்தண்ணீர். அதிலும் ஒரு பாடம் வந்தது. 2024 நவம்பர் கடைசியில், பிறகு ஃபெங்கல் என்று பெயர் வைத்த தாழமுக்கம் எங்கள் கரைக்கு அருகால் நகர்ந்த நாட்களில், தொட்டி நிரம்பி வழிந்தது. மழைத்தண்ணீரில் பிஎச்சைத் தாங்கிப்பிடிக்க ஒன்றும் கிடையாது, பற்றீரியாவின் வேலையோ அமிலத்தை உண்டாக்கும். மழை விட்டுப் பார்த்தால் பிஎச் 6.1. அப்போது ஒரு சிறு வலைப்பையில் இரண்டு கைப்பிடி சிப்பி ஓடு போட்டுத் தண்ணீர் விழும் இடத்தில் தொங்கவிட்டேன். ஒரு கிழமையில் 6.8. படுக்கை முழுக்க இருந்தபோது மீனைக் கொன்ற அதே சிப்பி, அளவாகப் போட்டால் மருந்து. இப்போது அந்தப் பை கொக்கியிலேயே இருக்கிறது, தேவைப்படும்போது இறக்குவேன்.

பயிரைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செட்டோடு வந்த தாளில் சலாது, ஸ்ட்ரோபெரி என்று படம் போட்டிருந்தது. சலாது மூன்றாம் கிழமையே தண்டு நீண்டு கசந்தது. ஸ்ட்ரோபெரியைத் தொடவே இல்லை. கங்குன் கீரைதான் இதற்கென்றே பிறந்த பயிர். மூன்று கிழமைக்கு ஒருமுறை வெட்டுகிறேன், வெட்ட வெட்டத் தளிர்க்கிறது. வேர் சைபனுக்குள் போகாமல் மட்டும் பார்க்கவேண்டும். பொன்னாங்காணி, வல்லாரை, பசளி மூன்றும் சரி. கொச்சிக்காய் மாரி முடிந்து தையில் நட்டால் காய்க்கிறது, கச்சானில் பூவெல்லாம் கொட்டிவிடும். இரும்புக்குறை தெரிந்தால் டிடிபிஏ இரும்பு (தண்ணீரில் கரைந்தே நிற்கும் வகை இரும்புச்சத்து), 11 வீதம் இரும்புள்ள தூள் 12 கிராம், 650 லீற்றருக்கு. ஈடிடிஏ இரும்பு என்று மலிவாகத் தரும் இன்னொரு வகை எங்கள் பிஎச்சில் சரியாக நிற்காது.

2025 பங்குனியில் முதன்முதலாக மீன் பிடித்தோம். 14 மீன், ஒவ்வொன்றும் 350 கிராம் அளவில். பிடிக்குமுன் இரண்டு நாள் தீன் போடாமல் நல்ல தண்ணீரில் விட்டேன். அம்மா குழம்பு வைத்துச் சாப்பிட்டுவிட்டு, "மண் மணம் இல்லை" என்றார். பாரைக்குப் பழகிய வாயிலிருந்து அது பெரிய சான்றிதழ். இப்போது காலை ஆறு மணித் தீன் அவர் கையால்தான்.

சேவையைப் பற்றியும் நேர்மையாகச் சொல்லவேண்டும். எட்டாம் மாதம் பம்ப் நின்றபோது தம்பி மறுநாளே வந்தார், காசு வாங்காமல் மாற்றிக் கொடுத்தார். போன் எடுத்தால் பேசுவார். ஆனால் பொருத்திய பிறகு முதல் ஆறு கிழமை என்ன செய்யவேண்டும் என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்திருந்தால் அந்த 23 குஞ்சுகளும் செத்திருக்காது. டெஸ்ட் கிட்டும் செட்டில் இல்லை. அது இல்லாமல் இந்த வேலை இருட்டில் நடப்பது போலத்தான். காசு கொடுக்குமுன் அவர்கள் கொண்டுவரும் கல்லில் ஒரு பிடி கேட்டு வாங்குங்கள், வினாகிரி ஊற்றிப் பார்த்துவிட்டு மிச்சத்தைப் பேசுங்கள்.

மாரிக்கு முன் பொன்னாங்காணிக்கு மட்டும் இன்னொரு படுக்கை வைக்க விருப்பம். அதே தம்பியிடம்தான் விலை கேட்டிருக்கிறேன், கல்லும் மீன்குஞ்சும் நீங்கலாக.