உமாமகேசுவர அபிஷேகம்: பாலக்காட்டுத் தம்பதிகளுக்கு எந்த முறை பொருந்தும்?

கணவன் மனைவிக்குள் மனஸ்தாபம் நீடித்தாலும், புதிதாக மணமானவர்களின் குடும்பம் நல்லபடியாக வேரூன்ற வேண்டும் என்று நினைத்தாலும், ‘அம்பாளோடு சேர்த்து சுவாமிக்கு ஓர் அபிஷேகம் பண்ணிவிடுங்கள்’ என்று பெரியவர்கள் சொல்வது பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பங்களில் இன்றும் உள்ள வழக்கம். எங்கே, எந்த முறையில் என்பதில்தான் குழப்பம் வருகிறது. எல்லைப்புறத்தில் வாழ்கிறவர்களுக்கு மலையாள க்ஷேத்திரங்களின் தாந்திரிக முறையும் கைக்கெட்டுகிறது. வாளையாறு தாண்டினால் தமிழ்நாட்டுச் சிவாலயங்களின் ஆகம முறையும் கிடைக்கிறது. வீட்டுப் பூஜையறையிலேயே பஞ்சாயதனம் (ஐந்து தெய்வங்களைச் சேர்த்து வைத்து வழிபடும் அமைப்பு) வைத்திருப்பவர்களும் உண்டு. தெய்வத் தம்பதியர் இருவரும் சேர்ந்து நீராடுகிறார்களா, வழிபட வந்த தம்பதியர் அதைப் பார்க்கவும் அதில் பங்குகொள்ளவும் முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளே இந்த மூன்றையும் தரம் பிரிக்கப் போதுமானவை என்பது என் கருத்து.

முதலில் மலையாள க்ஷேத்திரம். கேரளத்துச் சிவன் கோயில்கள் பலவற்றில் பார்வதிக்குத் தனிச் சன்னதி கிடையாது; ஒரே ஸ்ரீகோயிலுக்குள் (கருவறைக்குள்) சிவனுக்குப் பின்புறமாக, எதிர்த்திசை நோக்கி அம்பாள் இருப்பாள். திருச்சூர் வடக்குநாதன் கோயிலில் சுவாமி மேற்கு பார்க்க, பார்வதி கிழக்கு பார்த்திருக்கிறாள். ஒரே கூரையின் கீழ் இருந்தும் இருவரையும் ஒரே பார்வையில் தரிசிக்க இயலாது. ஒருவரைக் கண்டபின் வலம் வந்துதான் மற்றவரைக் காண வேண்டும். அபிஷேகமும் அவ்வாறே தனித்தனியாக நடைபெறும். வடக்குநாதருக்குக் காலங்காலமாக நெய்யே அபிஷேக திரவியமாக இருப்பதால், உறைந்த நெய்க் குன்றைத்தான் நாம் தரிசிக்கிறோம். லிங்கம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆனால் இந்த முறையில் தாரை என்ற ஒன்று உண்டு. அடியில் துளையிட்ட பாத்திரத்தை லிங்கத்திற்கு நேர் மேலே தொங்கவிட்டு, துளையின் வழியே தர்ப்பையையோ நூல்திரியையோ இறக்கி, நீர் அறாமல் ஒழுகும்படி செய்வார்கள். குடத்தோடு கவிழ்க்கிற ஆரவாரம் எதுவும் அதில் இல்லை. ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் நீர் விழுந்துகொண்டே இருக்கும். கோபதாபம் தணிய வேண்டும் என்று வேண்டிக்கொள்பவர்கள் ஜலதாரைக்குச் சீட்டெடுப்பதன் பொருத்தம் அதைப் பார்த்தவர்களுக்குப் புரியும். அதனுடன் பின்விளக்கு வழிபாட்டையும் சேர்த்துச் செய்தால், ஸ்ரீகோயிலின் பின்புறம் ஏற்றப்படும் அந்த விளக்கு பார்வதிக்கு உரியதாகிறது. ஐகமத்திய சூக்த புஷ்பாஞ்சலி என்று ஒரு சீட்டும் வழிபாட்டுப் பட்டியலில் இருக்கும். ரிக்வேதத்தின் கடைசி சூக்தமான அது, சேர்ந்து நடக்கவும் சேர்ந்து பேசவும் மனம் ஒன்றாகவும் வேண்டுவது. நீராட்டு அல்ல என்றாலும், தாம்பத்திய ஒற்றுமைக்கு அதைவிட நேரடியான மந்திரம் கிடைப்பது அரிது.

பங்கேற்பு என்ற அளவில் இம்முறை குறைவுபடுகிறது. சீட்டில் பெயரும் நட்சத்திரமும் எழுதிக்கொடுத்த பின் செய்ய வேண்டியது எல்லாம் சாந்திக்காரர் (அர்ச்சகர்) கையில். நமக்கு இலையில் பிரசாதம் வரும். அதுவே ஒரு வசதியும் ஆகும். கணவன் வளைகுடாவிலும் மனைவி ஒலவக்கோட்டிலும் இருக்கிற குடும்பத்திற்கு, இருவர் பெயரையும் ஒரே சீட்டில் எழுதி மாதம் ஒருமுறை தாரை நடத்திவிட முடிகிறது. (நம் பக்கத்து மக்கள் கல்யாணத்திற்குத் தேடிப்போகும் குருவாயூரில், மூலஸ்தானத்தில் இருப்பவர் துணை இன்றித் தனித்து நிற்கும் உண்ணிக்கண்ணன். அவருக்கு அதிகாலை நிர்மால்யத்திற்குப் பின் தைலம், வாகைப்பொடி, சங்காபிஷேகம் என்று நடக்கும் நீராட்டு அழகானது. தம்பதி வழிபாடு என்ற கணக்கில் அதைச் சேர்க்க இயலாது.)

தமிழ்நாட்டு ஆகம முறையில் மூலவருக்கும் அம்பாளுக்கும் பெரும்பாலும் தனித்தனிச் சன்னதிகள். அங்கே ‘சுவாமிக்கு ஓர் அபிஷேகம், அம்பாளுக்கு ஓர் அபிஷேகம்’ என்று கட்டினால், மலையாளக் கோயிலில் கண்ட அதே பிரிவுதான் வேறு வடிவில் வரும். தம்பதியரை ஒன்றாகக் காண வேண்டுமானால் உற்சவ மூர்த்திகளைத்தான் நாட வேண்டும். நடராஜரும் சிவகாமியும் அருகருகே நின்று நீராடும் அபிஷேகம் ஆண்டுக்கு ஆறு முறை: மார்கழித் திருவாதிரை, சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், மாசி, ஆவணி, புரட்டாசி மாதங்களின் வளர்பிறைச் சதுர்த்தசி. பாலக்காட்டிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவில் உள்ள பேரூர்ப் பட்டீசுவரர் கோயிலில், கனகசபையில் நின்றாடும் கூத்தருக்கு ஆருத்ரா தரிசனமான மார்கழித் திருவாதிரையன்று நடக்கும் மகா அபிஷேகம் இதில் முதலிடம் பெறத்தக்கது. மூலவர் சன்னதியில் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்க்கிற நிலை அங்கே இல்லை; பாலும் தயிரும் சந்தனமும் இரு திருமேனிகளிலும் வழிந்து இறங்குவதைக் கண்ணாரக் காணலாம். ஆனால் கூட்டத்தில் கணவன் ஒரு பக்கமும் மனைவி ஒரு பக்கமும் ஒதுங்கிப்போகும் சாத்தியமும் அன்றுதான் அதிகம். ஆகவே கூட்டம் குறைவான ஆனி உத்திரத்தையோ சதுர்த்தசிகளில் ஒன்றையோ நான் பரிந்துரைப்பேன்.

வைணவ வழியில் ஒரு வடிவத்திற்கு மட்டும் இந்தச் சிக்கலே எழுவதில்லை. லக்ஷ்மிநாராயண வடிவில் தாயார் பெருமாளின் மடியிலேயே அமர்ந்திருப்பதால், திருமஞ்சனம் ஒருவரைத் தவிர்த்து ஒருவருக்கு நடக்க வழியில்லை. பழைய கல்பாத்தியிலேயே லக்ஷ்மிநாராயணப் பெருமாள் இருக்கிறார். குலவழக்கம் தடுக்காதவர்கள் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, வீடு. பஞ்சாயதன பூஜையில் சிவனுக்கு நர்மதையில் கிடைக்கும் பாணலிங்கம், அம்பாளுக்கு ஆந்திரத்துச் சொர்ணமுகி ஆற்றின் கல், விஷ்ணுவுக்குக் கண்டகியின் சாளக்கிராமம் என்று வைத்திருப்பார்கள். எல்லாம் உள்ளங்கைக்குள் அடங்கும் கற்கள். ஒரு செப்புத் தாம்பாளத்தில் நடுவே பாணலிங்கமும் அதற்கு வடமேற்கே சொர்ணமுகியும் இருக்க, கிண்டியின் மூக்கிலிருந்து விடும் பால் ஒன்றின்மேல் பட்டு மற்றொன்றின் அடியில் தேங்கும். முன் சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் தயக்கமின்றி ஆம் என்று பதில் சொல்லக்கூடிய முறை இது ஒன்றே. சங்கல்பத்தில் மனைவியையும் சேர்த்துச் சொல்லி, அவர் பாலும் இளநீரும் எடுத்துக் கொடுக்க, இவர் அபிஷேகம் செய்ய, ஒருவர் தாமதித்தால் மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஒரே வீட்டில் இருந்துகொண்டே பேச்சு குறைந்துவிட்ட தம்பதிக்கு இந்த ஒரு மணி நேரத்தைப் போன்ற வாய்ப்பு எந்தக் கோயிலிலும் அமையாது.

சிவனைத் துதிக்கும் வேத மந்திரமான ருத்ரம் சொல்லத் தெரியவில்லையே என்று தயங்குகிறவர்கள் வாத்தியாரை அழைத்து ஏகாதச ருத்ரமாக நடத்துகிறார்கள்: ருத்ரம் 11 முறை, ஒவ்வொரு முறையும் அதையடுத்துச் சொல்லும் சமகத்தில் ஓர் அனுவாகம் (பகுதி), ஒவ்வொன்றுக்கும் ஒரு திரவியம் என்று வாசனைத் தைலத்தில் தொடங்கிப் பஞ்சகவ்யம், பஞ்சாமிர்தம், நெய், பால், தயிர், தேன், கருப்பஞ்சாறு, எலுமிச்சைச் சாறு, இளநீர், சந்தனம் வரை. மனப்பூர்வமான நிகழ்ச்சிதான், ஆனால் சாப்பாட்டுப் பந்தியும் உறவினர் கூட்டமும் சேர்ந்துகொண்டால் தம்பதியர் இருவரும் சமையற்கட்டுக்கும் வாசலுக்குமாக ஓடி, அபிஷேகத்தைப் பார்க்காமலேயே நாள் முடிந்துவிடும். பாலும் தண்ணீரும் மட்டும் வைத்து, தெரிந்த நாமாவளியைச் சொல்லி இருவரே செய்துகொள்வது இதைவிட மேல். திரவியங்களில் சந்தனத்தை மட்டும் கட்டையில் உரைத்தே எடுக்க வேண்டும். பொட்டலத்தில் வரும் வாசனைப் பொடிகள் பல, கல்லில் கறையாகவே படிகின்றன.

ஆக, பிரிந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஜலதாரையும் ஐகமத்திய சூக்தமும், சேர்ந்து பயணம் செய்ய இயன்றவர்களுக்குப் பேரூர், தினமும் முகம் பார்த்தும் பேசாதவர்களுக்கு வீட்டுத் தாம்பாளம் என்றே பிரிப்பேன். மார்கழித் திருவாதிரையில் மட்டும் இரண்டு மரபுகளும் ஒரே நாளில் மோதும். மலையாளத்தில் அது தனுமாதத் திருவாதிரை, பெண்கள் கணவனுக்காக நோன்பிருக்கும் நாள். காலடிக்கு அருகில் உள்ள திருவைராணிக்குளம் கோயிலில் பார்வதியின் நடை (சன்னதி வாசல்) ஆண்டில் அந்த நாளை ஒட்டி 12 நாள்களே திறந்திருக்கிறது. எனவே திருவாதிரையன்று விடியலில் பேரூர் அபிஷேகத்தைப் பார்த்துவிட்டு, அந்தப் பன்னிரண்டில் கூட்டம் தணிந்த ஒரு வார நாளாகப் பார்த்துத் திருவைராணிக்குளத்திற்குப் போய், பட்டும் தாலியும் சமர்ப்பித்து வருவதே வசதியான வரிசை.