காலேஜ் சீட் வாங்கித் தருகிறேன் என்று 42,000 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்

நாலாவது தடவையாக இன்று மத்தியானம் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்குப் போய்ப் பணம் கிடைக்காமல் வந்திருக்கிறேன். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். போனது 42,000 ரூபாய்.

பெயர் போடவில்லை. மாடியில் ஏசி அறை, சுவர் முழுக்கக் கல்லூரி பேனர், வாசலில் 'கல்வி ஆலோசனை மையம்' என்று போர்டு. அந்த ரகம்.

தங்கச்சி பிளஸ் டூ பரீட்சை முடித்த வாரம் அம்மாவும் நானும் போனோம். எங்கள் வீட்டில் காலேஜ் படித்தவர் யாரும் கிடையாது, நான் ஐடிஐயோடு சரி. "எந்த ஊரு அண்ணாச்சி?" என்றான் அங்கே உட்கார்ந்திருந்தவன். முக்கூடல் என்றேன். "அட, எங்க ஆச்சி ஊருல்லா!" என்று எழுந்தே நின்றுவிட்டான். அப்புறம் அம்மாவின் விரலைப் பார்த்தான். "பீடி சுத்துன காசும்மா இது, ஒரு ரூபா வீணாப் போக விடுவேனா?" அம்மா கண் கலங்கிவிட்டாள். அதற்கு மேல் நான் எதையும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அரசு நடத்துகிற கலந்தாய்வுக்குக் காத்திருந்தால் சீட் போய்விடும், இப்போதே கட்டினால் கம்ப்யூட்டர் சயின்ஸ் உறுதி, வீட்டில் முதலில் பட்டம் படிக்கிற பிள்ளைக்கு அரசு தருகிற முதல் பட்டதாரிச் சலுகையும் நாங்களே போட்டுத் தருவோம் என்றான். மகளிர் குழுக் கடன் 30,000, மிச்சம் என் பைக்கை வைத்துப் புரட்டியது. கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய 500 ரூபாய்தான். "அது எதுக்கு, வீண் அலைச்சல்" என்றான், அதையும் விட்டுத் தொலைத்தோம்.

கல்லூரியில் போய் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. முதல் பட்டதாரிச் சலுகை கலந்தாய்வில் வருகிற பிள்ளைகளுக்குத்தான், கல்லூரியே நேரடியாகக் கொடுக்கிற மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாதாம். நீங்கள் கட்டியதாகச் சொல்லும் பணமும் இங்கே வரவில்லை என்றார்கள்.

திரும்பி ஓடினால், சார் சென்னை போயிருக்கிறார். அடுத்த வாரம், ஆடி கழியட்டும். அதற்கடுத்து, அக்கவுண்ட் பார்க்கிற பெண் லீவு. இன்றைக்கு ரசீதைத் திருப்பிக் காட்டுகிறான்: 'சேவைக் கட்டணம், திருப்பித் தரப்படாது.' எறும்பு சைஸ் எழுத்து. "படிச்சுட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?" ஆச்சி ஊர்க்காரன் கேட்கிற கேள்வி! தங்கச்சியின் அசல் மார்க் ஷீட்டையும் டிசியையும் சத்தம் போட்டுத்தான் வாங்கி வந்தேன். 42,000 அங்கேயே கிடக்கிறது.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. சீட் உறுதி என்று எவன் சொன்னாலும் கலந்தாய்வுப் பதிவை விடாதீர்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம். பீடி சுற்றுகிறவர்கள் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை உண்டு, அதை அவன் மூச்சே விடவில்லை. கல்விக்கடனுக்கு வித்யாலட்சுமி தளத்தில் நாமே போடலாம், நடுவில் ஆள் வேண்டாம். அசல் சான்றிதழை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள்.

அதே மாடிப்படி ஏறி ஏமாந்தவர்கள் இருந்தால் ரசீதை எடுத்து வையுங்கள். திங்கட்கிழமை கமிஷனர் ஆபீஸுக்குப் போகிறேன், தனியாகப் போக வேண்டாம் என்று பார்க்கிறேன்.