பூட்டை மாற்றியாச்சு என்றார்கள், கதவு மூடவே இல்லை

டிராவல் டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சின்ன வீடு) வைத்திருப்பவர்களும், பழையதாக ஒன்று வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். என் டிரெய்லரின் வாசல் கதவு தாழ் விழாமல் தகராறு செய்தது. சரிசெய்யக் கொடுத்த இடத்தில் ஏமாந்தேன். ஒரு முறை ஏமாந்தது போதாதென்று, அதே இடத்துக்கு இரண்டாவது முறையும் போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நோய் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கதவை இழுத்து மூடினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரவேண்டும். எனக்கு ‘டொப்’ என்று வரும், கதவு திரும்ப ஓர் அங்குலம் வெளியே வந்து நிற்கும். தோளைக் கொடுத்துத் தள்ளி, கைப்பிடியைக் கொஞ்சம் கீழே அழுத்திப் பிடித்தால் சில சமயம் விழும். இதில் ஒரு விசித்திரம் இருந்தது. ஓர் இடத்தில் நிறுத்தினால் கதவு சமர்த்தாக மூடும், அடுத்த இடத்தில் நிறுத்தினால் அடம் பிடிக்கும். இதைக் கடைக்காரரிடம் முதல் வாக்கியமாகவே சொன்னேன். அந்த ஒரு வரியைக் காதில் வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

இந்தக் கதவுகளில் பொதுவாக இரண்டு தாழ் இருக்கும். ஒன்று, சரிவாக வெட்டிய ஸ்பிரிங் நாக்கு. கதவை அறைந்தால் தானாக உள்ளே போய், நிலையில் இருக்கும் தகட்டின் ஓட்டையில் விழுந்துகொள்ளும். இன்னொன்று டெட்போல்ட், சாவி போட்டோ உள்ளிருந்து திருகியோ போடுவது. எனக்குத் தகராறு செய்தது ஸ்பிரிங் நாக்குதான்.

கடைக்காரர் கதவை இரண்டு முறை திறந்து மூடினார். குனிந்து பூட்டைப் பார்த்தார். “சார், பூட்டு போச்சு. உள்ள ஸ்பிரிங் தேஞ்சிருக்கு. இதுல எல்லாம் மட்டமான வார்ப்புதான் சார் போடறாங்க. முழு செட்டையும் மாத்திடலாம்” என்றார். வார்ப்பைப் பற்றி அவர் சொன்னதில் பொய் இல்லை. இந்தப் பூட்டுகளின் உள்பாகங்கள் பல நாகக் கலவை வார்ப்பில் செய்தவை, விரிசல் விடுவதும் உண்டு. பாதி உண்மை கலந்து சொன்னதால்தான் நம்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். கதவு விரலால் தள்ளினாலே மூடியது. ‘டக்’. என் மனைவி நாலைந்து முறை திறந்து மூடிப் பார்த்து, “அடேயப்பா” என்றாள். முழுப் பூட்டு செட், கழற்றி மாட்டிய கூலி என்று பில். மறுபேச்சில்லாமல் கட்டினேன். டிரெய்லரின் பின்பக்க மூலையில், கதவு இருக்கும் பக்கத்து ஸ்டெபிலைசர் ஜாக்கியை (நிறுத்திய டிரெய்லர் ஆடாமல் இருக்க மூலையில் ஊன்றும் கால்) தரையில் ஊன்றி நன்றாக முறுக்கி வைத்திருந்தார்கள். பார்த்தேன். பட்டறையில் அப்படித்தான் வைப்பார்கள் போல என்று நினைத்தேன். பணம் கைமாறிய பிறகு ஒரு பையன் வந்து அந்த ஜாக்கியைத் தளர்த்தி, தரையிலிருந்து மேலே ஏற்றிவிட்டான். நான் வண்டியைக் கொக்கியில் மாட்டிக் கிளம்பினேன்.

புதுப் பூட்டுதானே என்ற தைரியத்தில் டெட்போல்ட்டைப் போடவில்லை. இது முழுக்க முழுக்க என் தப்பு. ஒரு மணி நேரம் போயிருக்கும். பின்னால் வந்த கார் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டது. கண்ணாடியில் பார்த்தால் என் கதவு இறக்கை மாதிரி அடித்துக்கொண்டிருக்கிறது. ஓரங்கட்டி இறங்கிப் பார்த்தபோது கீழ்க் கீல் வளைந்திருந்தது, கதவின் விளிம்பில் சப்பை. உள்ளே இருந்த நாற்காலி ஒன்று வாசல்வரை வந்து நின்றது. அது கீழே விழுந்திருந்தால் பின்னால் வந்தவர் கதி என்ன என்று நினைத்தாலே இன்றைக்கும் வயிற்றைக் கலக்குகிறது.

திரும்பக் கொண்டுபோனேன். “ரோட்டுல ஆடின ஆட்டத்துல தகடு நகர்ந்திருக்கு சார், இது எங்க வேலைல வராது” என்றார்கள். இந்த முறை மூன்று வேலை செய்தார்கள். தகட்டின் ஓட்டையை அரத்தால் மேல்பக்கமாக ராவிப் பெரிதாக்கினார்கள். கதவைச் சுற்றிப் பழையதைவிடத் தடிமனான ரப்பர் பட்டை ஒட்டினார்கள். நிலையின் ஓரம் முழுக்க வெள்ளை சிலிக்கானை அப்பினார்கள். வளைந்த கீலைத் தட்டி நிமிர்த்தியதற்குத் தனிக் கூலி. தடி ரப்பரால் இப்போது கதவை ஓங்கி அறைந்தால்தான் மூடும். “புது ரப்பர் சார், அமுங்கி செட் ஆயிடும்” என்றார்கள். அமுங்கவே இல்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது நண்பரின் மாமனார். ஓய்வுபெற்ற தச்சர், வாழ்நாளில் ஒரு டிரெய்லரைத் தொட்டதில்லை. வேறு ஏதோ பேச வந்தவர், நான் கதவோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, “தம்பி, ரசமட்டம் இருக்கா?” என்று கேட்டார். கடையில் இரண்டு முறையும் யாரும் கேட்காத கேள்வி.

ரசமட்டத்தை வாசலுக்கு உள்ளே தரையில் வைத்தார். குமிழி ஒரு பக்கமாக ஓடி ஒட்டிக்கொண்டது. அப்புறம் டேப்பை எடுத்து நிலையின் குறுக்களவு பார்த்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலை, அந்த மூலையிலிருந்து இந்த மூலை. நிலை மூலைமட்டமாக இருந்தால் இரண்டு அளவும் ஒன்றாக வரவேண்டும். எங்களுக்கு அரை அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். “பூட்டு என்ன பாவம் பண்ணுச்சு, நிலையே கோணியிருக்கு” என்றார்.

அடுத்து என் மனைவியிடம், “பழைய லிப்ஸ்டிக் இருந்தா குடும்மா” என்றார். அதைப் பூட்டு நாக்கின் நுனியில் தடவி, கதவை மெதுவாக மூடித் திறந்தார். தகட்டில் ஓட்டைக்கு மேலே, அவர்கள் ராவிய இடத்தையும் தாண்டி, சிவப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. நாக்கு சரியான உயரத்தில்தான் இருக்கிறது, தகடு இருக்கும் பக்கத்து நிலைதான் கீழே இறங்கியிருக்கிறது. இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஏன் இறங்கியது? அவர் வாசலில் ஏறி நின்று குதிகாலால் தரையை அழுத்தினார். தகடு இருக்கும் பக்கம் தரை ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கியது. நிலைச்சட்டம் அலுமினியம். அதன் விளிம்பை வெளிச்சுவரில் வரிசையாகத் திருகி, இடையில் தண்ணீர் புகாமல் பியூட்டைல் டேப் வைத்திருப்பார்கள். திருகுத் தலைகள் தெரியாமல் ஒரு பிளாஸ்டிக் பட்டை மூடியிருக்கும். அந்தப் பட்டையைத்தான் பெயர்த்தோம். அதன் அடியிலும் சிலிக்கான்! சுரண்டி எடுத்தால், கீழ் மூலையில் இரண்டு திருகுகளைக் காணோம். மூன்றாவது கையோடு வந்துவிட்டது, நுனியில் ஈரமான மரத்தூளோடு. பழைய டேப் காய்ந்து தண்ணீர் இறங்கி, உள்ளே மரச்சட்டம் உளுத்துப்போயிருந்தது. திருகுக்குப் பிடிக்க அங்கே ஒன்றுமே இல்லை.

போதாக்குறைக்குப் படி. என் டிரெய்லரின் படி வாசலுக்குள்ளேயே மடங்கி நிற்கும் ரகம், விரித்தால் அதன் கால்கள் தரையில் ஊன்றவேண்டும். நான் கால் நீளத்தைச் சரிசெய்யாமல், பல இடங்களில் அந்தரத்தில் தொங்கவிட்டே ஏறி இறங்கியிருக்கிறேன். ஒவ்வொரு மிதிக்கும் எங்கள் எடை முழுவதும் அந்த உளுத்த நிலைப்படியில்தான் விழுந்திருக்கிறது. இதற்குக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அவர்கள் செய்ததற்கு அவர்கள்தானே பதில் சொல்லவேண்டும். பட்டைக்கு அடியில் சிலிக்கான் இருக்கிறது என்றால், பட்டையைக் கழற்றியிருக்கிறார்கள். கழற்றியவன் கண்ணில் அந்தக் காலி ஓட்டைகள் படாமல் இருக்காது. பார்த்து, பூசி, மூடியிருக்கிறார்கள். முதல் தடவை கதவு விரலால் மூடிய ரகசியமும் அப்போதுதான் புரிந்தது. பின்மூலை ஜாக்கியை முறுக்கி, இறங்கிய பக்கத்தைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். நிலை தற்காலிகமாக நேராகி, நாக்கு ஓட்டைக்குள் விழுந்திருக்கிறது. ஸ்டெபிலைசர் ஜாக்கி டிரெய்லரின் ஆட்டத்தை நிறுத்த வந்தது, எடையைத் தூக்க வந்தது அல்ல. தூக்கினால் அடிச்சட்டமே முறுக்கிக்கொள்ளும். தெரியாமல் செய்தார்களா என்றால், பணம் வாங்கும்வரை அதைத் தளர்த்தவில்லையே.

இதைவிடக் கேவலம் பூட்டு. தச்சர் ஐயா கதவின் உள்பக்கக் கைப்பிடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது புதுசா?” என்றார். கைப்பிடியின் அடியில் பாதி கிழிந்த ஒரு மஞ்சள் நட்சத்திர ஸ்டிக்கர். முந்தைய சொந்தக்காரரின் குழந்தை ஒட்டியதாக இருக்கும். வாங்கிய அன்றே நகத்தால் சுரண்டிப் பார்த்து வராமல் விட்டேன். அதே ஸ்டிக்கர், அதே நகக்கீறல். சாவி நுழையும் உருளையை மட்டும் மாற்றிப் புதுச் சாவி கொடுத்துவிட்டு, முழு செட்டுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். புதுச் சாவி கையில் இருந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. (சாவி என்றதும் ஞாபகம் வருகிறது: வெளியே சாமான் அறைக் கதவுகளுக்கு சி.எச். 751 என்று பொறித்த சாவி வந்தால், அதே சாவி ஏராளமான டிரெய்லர்களுக்குப் பொது. அதை நம்பி விலையுயர்ந்த பொருளை உள்ளே வைக்காதீர்கள்.)

சரிசெய்தது நாங்கள்தான், மூன்று நாள் ஆனது. உளுத்த மரத்தை வெட்டி எடுத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, புதுக் கட்டையை ஒட்டித் திருகினோம். வாசல் விளக்குக்கான ஒயர் அந்தச் சுவருக்குள் ஓடியது, அதனால் நீளத் திருகை மெஷினால் ஏற்றாமல் கையால்தான் போட்டோம். சிலிக்கானை முழுவதும் சுரண்டுவதற்குத்தான் உயிர் போனது. புது பியூட்டைல் டேப் வைத்து, திருகுகளைப் பாதி முடுக்கி, இரண்டு குறுக்களவும் ஒன்றாக வரும்வரை நிலையைத் தட்டித் தட்டி, அப்புறம் எதிரெதிராக முழுக்க முடுக்கினோம். ராவிக் கெடுத்த தகட்டை மட்டும் புதிதாக வாங்கவேண்டியிருந்தது, அற்ப விலை. ரப்பரைப் பழைய தடிமனுக்கே மாற்றி, கதவிடுக்கில் காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்துப் பார்த்தோம். சுற்றிலும் ஒரே இறுக்கம். நாக்குக்குக் கிரீஸ் வேண்டாம், தூசி ஒட்டும். உலர்ந்து போகும் சிலிக்கான் ஸ்பிரே லேசாக அடித்தால் போதும்.

இப்போது நிறுத்தும் வரிசையையும் மாற்றிவிட்டேன். தாழ்ந்த பக்கச் சக்கரத்தின் கீழ் பலகை கொடுத்து முதலில் பக்கவாட்டு மட்டம். பிறகு கொக்கியைக் கழற்றி, முன் ஜாக்கியால் முன்பின் மட்டம். ஸ்டெபிலைசர் கடைசியில்தான், தரையில் கெட்டியாக ஊன்றும் அளவுக்கு மட்டும். படியின் கால்களைத் தரையைத் தொடவிட்ட பிறகுதான் ஏறுகிறோம்.

உங்கள் கதவு தாழ் விழவில்லை என்றால், கடைக்குப் போகும் முன் வண்டியை மட்டமாக நிறுத்தி ஒரு தடவை மூடிப் பாருங்கள். கொடுத்தே ஆகவேண்டும் என்றால், கழற்றும் பழைய சாமான் எனக்கு வேண்டும் என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள். பூட்டின் உள்பக்கத்தையும் நிலையின் கீழ் மூலைகளையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது ஜாக்கிகளை எல்லாம் தளர்த்தி மேலே ஏற்றச் சொல்லி, அதன் பிறகு கதவை நீங்களே மூடிப் பாருங்கள், அப்புறம் பர்ஸைத் திறக்கலாம். ரசமட்டத்தை வைத்துப் பார்க்காமல் பூட்டு போச்சு என்று சொல்பவரிடம் எனக்கு இனி வேலை இல்லை.

ஸ்டிக்கர் போட்டோவையும் காலி ஓட்டைகளின் போட்டோவையும் கடைக்கு அனுப்பினேன். பூட்டு செட்டுக்கு வாங்கிய பணத்தை ஒரு வாரத்தில் திருப்பிவிட்டார்கள், ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல். கூலியைத் திருப்ப மாட்டார்களாம். திருகுகள் வண்டி வரும்போதே இல்லை என்று பதில் வந்தது. இல்லை என்பதைப் பார்த்தீர்கள் அல்லவா, பிறகு ஏன் மேலே பூசி மூடினீர்கள் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.